வேற்றுமொழிப் பெயர்களை மேடையில் அறிவிக்க உச்சரிப்பை எப்படித் தயார் செய்வது?

மேடைக்குரல்:

வணக்கம் நண்பர்களே. பல நாடுகளிலிருந்து பேராளர்கள் வரும் கருத்தரங்கு ஒன்றில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. பட்டியல் ரோமன் எழுத்தில்தான் கைக்குக் கிடைத்தது. சீனம், கொரியா, வியட்நாம், ஜப்பான், போலந்து, ஹங்கேரி, துருக்கி, அயர்லாந்து, அரபு நாடுகள், ஸ்பானிய மொழி பேசும் நாடுகள், தென்னாப்பிரிக்கா எல்லாம் கலந்து கிடக்கின்றன. இரண்டு வாரம் அவகாசம் இருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது? வாசிக்கும் தாளில் தமிழில் எழுதிக்கொள்ளத்தான் விருப்பம். ஆனால் 'பால்' என்பதன் முதல் எழுத்துக்கும் 'பாபு' என்பதன் முதல் எழுத்துக்கும் நம் எழுத்தில் வேறுபாடே இல்லை. அதை எப்படிக் குறிப்பது? நமக்குப் பழக்கமில்லாத ஒலிகளில் எதற்கு மெனக்கெட வேண்டும், எதை ஓரளவு ஒத்த ஒலியோடு விட்டுவிடலாம்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஒலிப்பேழை:

முதலில் பட்டியலை மொழிவாரியாகப் பிரித்து அடுக்குங்கள். எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு மொழியும் அதற்குத் தன் ஒலியைக் கொடுத்து வைத்திருக்கிறது. எக்ஸ் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: சீனப் பெயரில் ஷகரத்துக்கு நெருக்கம், வியட்நாமியப் பெயரில் ஸ, போர்த்துகீசியப் பெயர்களில் பெரும்பாலும் ஷ, தென்னாப்பிரிக்காவின் ஜூலு, கோசா மொழிகளில் நாக்கைச் சொடுக்கும் ஒலி. ஜே எழுத்து ஸ்பானியத்தில் தொண்டையை உரசும் ஹ. ஜெர்மனிலும் போலிஷிலும் ஸ்வீடிஷிலும் ய. மொழி தெரியாமல் எழுத்தை மட்டும் பார்த்து ஊகித்தால் தவறத்தான் செய்யும்.

மொழி தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. குடிபெயர்ந்த குடும்பங்களின் பெயர்கள் போன இடத்தில் வேறு ஒலி எடுத்துக்கொள்கின்றன. ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸின் குடும்பப் பெயரை ஹங்கேரியர்கள் 'ஷோரோஷ்' என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது 'சோரோஸ்'. முன்னாள் அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் மைக் ஷிஷெஃப்ஸ்கியின் பெயரைப் போலந்தில் பிறந்த ஒருவர் வேறு மாதிரி தொடங்குவார். அதனால் இலக்கணம் சொல்வதைவிட அந்த நபர் தன் பெயரைச் சொல்லும் விதமே கடைசித் தீர்ப்பு. கமலா ஹாரிஸ் தம் பெயரின் முதல் அசையை அழுத்திச் சொல்கிறார். 'நம் ஊர்ப் பெயர்தானே' என்று நாம் அதை மாற்றிச் சொல்லக்கூடாது.

ஆகவே இன்றே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதில் இரண்டே கேள்விகள். 'மேடையில் உங்களை எந்தப் பெயரால், எந்த வரிசையில் அழைக்க வேண்டும்?', 'உங்கள் பெயரை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை இயல்பான வேகத்திலும் சொல்லிக் குரல் பதிவாக அனுப்ப முடியுமா?' இவ்வளவு போதும். 'இப்படிச் சொன்னால் சரியா?' என்று நீங்களே ஒன்றை எழுதிக் கேட்காதீர்கள். பெரும்பாலானவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு 'பரவாயில்லை, சரிதான்' என்று பதில் போட்டுவிடுவார்கள்.

பதில் வராதவர்களுக்கு, அவர்களே பேசிய காணொலியைத் தேடி முதல் அரை நிமிடத்தைக் கேளுங்கள். தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் இடம் அங்கேதான் இருக்கும். லிங்க்ட்இன் பக்கத்தில் பெயருக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிக் குறி இருந்தால், அது 10 நொடிக்குள் அவரே பதிவு செய்த குரல். அடுத்தபடி ஃபோர்வோ தளம். அதில் அந்தந்த மொழிக்காரர்களே சொல்லைப் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்தவரின் நாட்டையும் பாருங்கள், ஒரே ஸ்பானியப் பெயரை மெக்சிகோக்காரரும் மாட்ரிட்காரரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. கணினி வாசித்துக் காட்டும் குரலை நம்பிவிடாதீர்கள். அது எந்த மொழி விதியை எடுத்துக்கொண்டது என்று தெரியாது.

வல்லெழுத்து:

தாளில் குறிப்பதற்கு நம்மிடமே ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. வடமொழித் துதிகளைத் தமிழ் எழுத்தில் அச்சிடும் புத்தகங்களில் எழுத்தின் மேலே 2, 3, 4 என்று சிறு எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண் இல்லாத க என்றால் 'கல்' என்பதில் வருவது. க² மூச்சைச் சேர்த்து விடுவது. க³ 'தங்கம்' என்பதில் வருவது போலத் தொண்டை அதிர்வது. க⁴ அதிர்வும் மூச்சும் சேர்ந்தது. ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இதில் 3-ஐ மட்டும் ஸ, ஷ இரண்டுக்கும் நீட்டிக்கொள்ளுங்கள். ஸ³ என்றால் இசட் ஒலி, ஷ³ என்றால் பிரெஞ்சுப் பெயர்களில் வரும் ஜே ஒலி. எஃப் ஒலிக்கு வழக்கமான ஃப. விரலைத் தொண்டையில் வைத்து ஸ-வையும் ஸ³-ஐயும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு விரலில் தெரியும்.

எண் போட்ட பிறகும் நம் வாய்ப்பழக்கம் குறுக்கே வரும். தமிழில் உயிருக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பிறகும் வல்லினம் தானாகவே மெலிந்துவிடும். 'தனகா' என்று எழுதி வைத்தால் வேகத்தில் 'தனகா³' என்றுதான் வாய் போகும். ஜப்பானியப் பெயரில் அது அதிராத ககரம். சரி, ஒற்றுப் போட்டு 'தனக்கா' என்று எழுதலாமே என்று தோன்றும். ஜப்பானியத்திலும் இத்தாலியத்திலும் ஃபின்னிஷிலும் ஒற்றை எழுத்தும் இரட்டை எழுத்தும் வேறு வேறு, அதனால் அங்கே புதுத் தவறு முளைக்கும். ஆகவே தாளில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எண் இல்லாவிட்டால், எந்த இடத்தில் வந்தாலும் அது 'கல்', 'பல்' என்பவற்றின் முதல் ஒலி. 'சான்டோஸ்' என்பதையும் 'வண்டி' மாதிரி வாசிக்காமல் டகரத்தைக் கல்லாகச் சொல்லிப் பழகுங்கள்.

இன்னும் சில பழக்கங்கள் உண்டு. சொல் வல்லினத்தில் முடிந்தால் பின்னால் ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும். மார்க் 'மார்க்கு' ஆகிவிடுவார். ஸ்-இல் தொடங்கும் கூட்டெழுத்துக்கு முன்னால் ஓர் இகரம் நுழையும்: ஸ்டீவன், 'இஸ்டீவன்'. ங் வந்தால் கூடவே ககரம் வரும் என்பது நம் காதில் ஊறிய விஷயம், அதனால் வாங், ஜாங் போன்ற சீனப் பெயர்கள் 'வாங்க்' என்று முடியும். ங்-இலேயே நின்றுவிட வேண்டும்; வாயை மூடாமல், நாக்கின் பின்பகுதியை மேலே ஒட்டியபடியே குரலை நிறுத்துங்கள்.

ஒரு பெயருக்கு ஓர் அட்டை. எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல். அசைகளுக்கு நடுவே சிறு கோடு, அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு. நீளமான பெயரைக் கடைசி அசையிலிருந்து பின்னோக்கிக் கட்டிப் பழகுங்கள்: முதலில் 'ஸ்கி', பிறகு 'ஷெஃப்ஸ்கி', பிறகு 'ஷி-ஷெஃப்ஸ்கி'. முன்னிருந்து பழகினால் தொடக்கம் மட்டும் நன்றாக வரும், முடிவு குழறும். பின்னிருந்து பழகினால் ஒவ்வொரு முறையும் தெரிந்த இடத்தை நோக்கிப் போவதால் முடிவு உறுதியாக நிற்கும்.

நாநுனி:

கிழக்காசியப் பெயர்களை நான் எடுத்துக்கொள்கிறேன். இங்கே தமிழ் தெரிந்தவர்களுக்குப் பெரிய சாதகம் இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

சீன மொழியை ரோமன் எழுத்தில் எழுதச் சீனா 1958-இல் ஏற்றுக்கொண்ட பின்யின் முறையில் பி³, டி³, ஜி என்று எழுதப்படும் எழுத்துகள் உண்மையில் அதிர்வதில்லை. 'பல்', 'கல்' என்று நாம் சொல்லும்போது சொல்லின் தொடக்கத்தில் வரும் அதே ஒலிதான். ஆங்கிலம் வழியாகப் போய் அதிரவைக்க வேண்டாம். ப, ட, க என்று எண் இல்லாமலேயே எழுதலாம். பின்யினில் பி, டி, கே என்று வருபவைதான் மூச்சோடு வரும் ப², ட², க². சி எழுத்து 'ட்ஸ' மூச்சோடு. இசட் அதே 'ட்ஸ' மூச்சில்லாமல். எக்ஸ், கியூ, ஜே மூன்றுக்கும் நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் வைத்து, உதட்டைச் சிரிப்பது போல விரித்து ஷ, ச்ச² (மூச்சோடு), ச்ச (மூச்சில்லாமல்) சொல்லுங்கள். 'இசட் ஹெச்', 'சி ஹெச்', 'எஸ் ஹெச்' மூன்றுக்கும் நுனியை மேலே மடக்க வேண்டும். இந்த இரண்டு வரிசையும் கலந்துவிட்டால் ஒருவர் பெயர் இன்னொருவர் பெயராகிவிடும்.

உயிரெழுத்தில் ஓரிடம் எல்லோரையும் ஏமாற்றும். டெங், ஃபெங், செங் என்று தோன்றும் பெயர்களில் அந்த ரோமன் 'இ' (e) எழுத்து எகரம் ஆகாது, மந்தமான அகரம்: டங், ஃபங். ஆனால் 'ஐ ஏ என்' என்று எழுதியிருந்தால் 'இயென்'. தொனியை, அதாவது அசையில் குரல் ஏறி இறங்கும் விதத்தைப் பொறுத்தவரை, பதிவு கிடைத்தால் அந்த இசையை அப்படியே பிரதி எடுங்கள். ஒன்றாம் தொனி உயரத்தில் சமமாக, இரண்டாவது ஏறி, மூன்றாவது தாழ்ந்து, நான்காவது சட்டென்று இறங்கி. பதிவு கிடைக்காவிட்டால் கற்பனையாக ஏற்றி இறக்காமல் சமமாகச் சொல்வதே மேல். தைவான், ஹாங்காங் பெயர்களுக்குப் பின்யின் விதியைப் போடாதீர்கள், அங்கே ரோமன் எழுத்து முறை வேறு. ஹாங்காங்கில் 'என் ஜி' என்று இரண்டே எழுத்தில் ஒரு குடும்பப் பெயர் வரும். அது முழுக்க முழுக்க 'ங்' மட்டும்தான்.

அந்த ஙகரமே வியட்நாமில் சொல்லின் முதலில் வருகிறது. அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர் 'ங்வியென்' என்று ஒலிப்பது. பிற மொழிக்காரர்கள் இதற்குத் திண்டாடுவார்கள்; நீங்கள் 'அங்ஙனம்' என்று சொல்லி, 'அங்' என்பதை விழுங்கிவிட்டு 'ஙனம்' என்று தொடங்கிப் பழகினால் நாக்கு இடத்துக்கு வந்துவிடும். தென் வியட்நாமியர் அதன் முடிவையும் ஙகரமாக்கிவிடுவார்கள். 'என் ஹெச்' என்று எழுதியிருந்தால் ஞகரம். டி³ எழுத்தில்தான் கண்ணி இருக்கிறது: குறுக்குக் கோடு போட்டது ட³, கோடில்லாதது வடக்கில் ஸ³, தெற்கில் ய. பட்டியல் தட்டச்சு செய்யும்போது அந்தக் கோடு உதிர்ந்துவிட்டிருக்கும், கேட்டே ஆக வேண்டும். மரியாதையாக அழைக்கவும் அவர்கள் கடைசியில் வரும் இயற்பெயரைத்தான் பயன்படுத்துவார்கள்.

கொரியப் பெயருக்குத் தமிழ் எழுத்தே ஏறக்குறையப் பொருந்துகிறது. சாதாரண க, ட, ப முதலில் வந்தால் அதிராது, உயிருக்கு நடுவே வந்தால் அதிரும், நம் விதியேதான். இங்கே மட்டும் வல்லெழுத்து சொன்ன விதியைத் தளர்த்திவிட்டு இயல்பாக வாசிக்கலாம். 'இ யூ' (eu) என்று எழுதப்படும் உயிர் நம் குற்றியலுகரம்: 'காது', 'பாட்டு' என்று முடிக்கும்போது உதடு குவியாமல் வருகிறதே, அதுதான். 'பார்க்' என்று எழுதப்படும் பெயரில் ரகரமே கிடையாது, 'பாக்'. 'லீ' கொரிய மொழியில் வெறும் 'ஈ'. ஆனால் வெளிநாட்டில் பலர் தம்மை 'லீ' என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

ஜப்பானியத்தில் குறில் நெடிலைக் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது. 'ஒனோ', 'ஓனோ' இரண்டும் வேறு குடும்பங்கள். ரோமன் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கலாம். முன்னாள் பிரதமர் கொய்ஸு³மியின் இயற்பெயர் 'ஜுன்-இச்சிரோ', 'ஜுனிச்சிரோ' இல்லை; னகரம் தனியாக ஒரு மாத்திரை நிற்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் ஜப்பான் அரசு ஆங்கில ஆவணங்களிலும் குடும்பப் பெயரை முதலில் எழுதுகிறது, ஆனால் தனிநபர்கள் பலர் பழைய வரிசையிலேயே எழுதுகிறார்கள். அதனால்தான் ஒலிப்பேழை சொன்ன 'எந்த வரிசையில்' என்ற கேள்வி முக்கியம்.

சதுரங்கம்:

ஐரோப்பியப் பெயர்களில் பெரிய குழி 'எஸ் இசட்'. போலிஷில் அது ஷ, ஹங்கேரியில் அதுவே ஸ; ஹங்கேரியில் தனி எஸ்-தான் ஷ. அழுத்தம் போலிஷில் கடைசிக்கு முந்தைய அசையில், ஹங்கேரியிலும் செக்கிலும் முதல் அசையில். போலிஷில் டபிள்யூ என்றால் வ, குறுக்குக் கோடு போட்ட எல்-தான் ஆங்கிலத்தின் டபிள்யூ ஒலி. லேக் வலேசா என்று நாம் எழுதிவந்த போலந்துத் தலைவரின் பெயர் அவர்கள் வாயில் 'வவென்ஸா', அழுத்தம் 'வென்' மேல்.

உயிரெழுத்தின் தலையில் சாய்ந்த கோடு இருந்தால் எந்த மொழி என்று பார்த்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். செக்கிலும் ஹங்கேரியிலும் அது நெடில் என்று மட்டும் பொருள். அழுத்தம் முதல் அசையிலேயே இருக்கும். ஸ்பானியத்தில் அது அழுத்தம். கோடு இல்லாத ஸ்பானியப் பெயர் உயிரிலோ என், எஸ் எழுத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையை அழுத்துங்கள். மற்றபடி கடைசி அசையை. ஸ்பானியர்களுக்குப் பொதுவாக இரண்டு குடும்பப் பெயர், முதலில் வருவதே அழைக்கும் பெயர். 2018-இல் ஸ்பெயின் பிரதமரான பெட்³ரோ சான்செஸ் பெரெஸ்-காஸ்டெஹோனை எல்லோரும் சான்செஸ் என்றுதான் அழைக்கிறார்கள். போர்த்துகீசியர்களுக்கு இது தலைகீழ், கடைசிப் பெயர்தான் முக்கியம்.

துருக்கியத்தில் சி என்றால் ஜ. வால் வைத்த சி என்றால் ச்ச, வால் வைத்த எஸ் என்றால் ஷ. புள்ளியில்லாத ஐ நாநுனி சொன்ன அதே குற்றியலுகரம். தொப்பி வைத்த ஜி-க்குத் தனி ஒலி இல்லை, முன்னால் உள்ள உயிரை இழுக்கும்: நாம் எர்டோகன் என்று எழுதும் பெயர் 'எர்டோ³ஆன்'. ஐரிஷ் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்க முயலாமல் அப்படியே மனப்பாடம் செய்வது நல்லது. பி³ ஹெச், எம் ஹெச் இரண்டும் பெரும்பாலும் வ என்பதை நினைவில் வைத்தால் ஷிவான் (Siobhán), நீவ் (Niamh) போன்றவை ஏன் அப்படி எழுதப்படுகின்றன என்று பிடிபடும்.

ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1980-இல் தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரான விக்டீ³ஸ் ஃபின்போகாடோஹ்ட்டிர் அங்கே எல்லோருக்கும் விக்டீ³ஸ்தான். பின்னால் வருவது 'இன்னாரின் மகள்' என்று சொல்வது. தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு இதைப் புரியவைக்கத் தேவையே இல்லை.

மேடைக்குரல்:

மிக்க நன்றி. எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ தெளிவாகிவிட்டது. மின்னஞ்சல் போய்விட்டது. இன்னும் மூன்று சந்தேகம். அரபுப் பெயர்களில் 'அல்' எங்கே எப்படி மாறுகிறது? தென்னாப்பிரிக்கச் சொடுக்கொலி வராவிட்டால் என்ன செய்வது? மேடையிலேயே தவறிவிட்டால்?

ஒலிப்பேழை:

அரபியில் 'அல்' அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து மாறும். நாக்கு நுனி வேலை செய்யும் த, ட, ர, ஸ, ஷ, ந வரிசை ஒலிகள் வந்தால் லகரம் அந்த எழுத்தாகவே திரிந்துவிடும்: அல்-ரஷீத் என்று எழுதியிருந்தாலும் 'அர்-ரஷீத்'. 28 எழுத்தில் 14 இப்படி. ப³, க, ம, ஹ போன்றவற்றின் முன்னால் மாறாது. அப்துல் என்பதோடு நிறுத்தி 'திரு. அப்துல்' என்று அரபு நாட்டவரை அழைக்காதீர்கள். அப்துர் ரஹ்மான், அப்துல் அஸீஸ் என்பவை முழுமையாக ஒரே பெயர். நடுவில் வெட்டினால் பொருளே நிற்காது. தொண்டையின் அடியிலிருந்து வரும் 'ஐன்' ஒலி வராவிட்டால் உயிரைச் சற்று அழுத்திச் சொல்லுங்கள், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். 'கஹ்' போல உரசும் ஒலியைக் கல் போன்ற ககரமாக்குவதைத் தவிருங்கள், பெயர் வேறாகக் கேட்கும்.

ஜூலு, கோசா பெயர்களில் சி, எக்ஸ், கியூ மூன்றும் சொடுக்கொலிகள். சி: நுனியை மேல்பல்லின் பின்னால் ஒட்டி உள்ளிழுத்து விடுவிப்பது, நாம் 'உச்சு' கொட்டுகிறோமே, அதுவே. அதைப் புதிதாகக் கற்க வேண்டாம், அடுத்த உயிரோடு இடைவெளி இல்லாமல் சேர்க்கப் பழகினால் போதும். எக்ஸ்: நுனி அசையாமல் நாக்கின் பக்கவாட்டை மட்டும் கடைவாய்ப் பக்கம் விடுவிப்பது. கியூ: நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று கீழே இறக்குவது, கணீரென்று கேட்கும். வரவில்லையென்றால் மூன்றுக்கும் க் போட்டுச் சொல்லலாம். எக்ஸில் தொடங்கும் அந்த மொழியின் பெயரையே தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'கோசா' என்றுதான் சொல்கிறார்கள். சொடுக்கத் தெரியாமல் மேடையில் முயன்று, அது வேடிக்கை காட்டுவதாகத் தோன்றிவிடக்கூடாது.

தவறினால் 'மன்னிக்கவும்' என்று ஒரு சொல், சரியான பெயர் ஒருமுறை, அடுத்த வரி. 'வாயில் நுழையாத பெயர்' என்று எந்த மொழியிலும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பெயரோடு வாழ்கிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். தடுமாறுவோம் என்று தோன்றும் பெயருக்கு முன்னால் மூச்சு இழுத்து இடைவெளி விடும் பழக்கம் பலருக்கு உண்டு, அந்த இடைவெளியே அரங்குக்குக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒரே அளவு நிறுத்தம் வையுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன் அட்டையோடு போய், சந்தேகமானவர்களிடம் மட்டும் 'ஒருமுறை சொல்லுங்கள்' என்று கேட்டு, அவர் எதிரிலேயே இரண்டு முறை திருப்பிச் சொல்லிவிடுங்கள்.

வல்லெழுத்து:

ஒரு சேர்க்கை. பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் இருந்து வேறு மொழி அறிவிப்பாளர் வாசிப்பதாக இருந்தால் அவருக்கும் இதே உதவி தேவை. நாம் தகரத்துக்குப் போடும் 'டி ஹெச்' ஆங்கிலக்காரருக்கு வேறு ஒலி. நுனி மேல்பல்லைத் தொட்டு நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலியக்காரருக்கு வெறும் டி என்று எழுதிக் கொடுத்தாலே போதும், அவர்களுடைய டி நம் தகரம்தான். ழகரத்துக்கு நாம் எழுதும் 'இசட் ஹெச்' எல்லோரையும் ஷ³ பக்கம் தள்ளிவிடும். நாக்கை மேலே மடக்கி எங்கும் தொடாமல் நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தின் ஆர் அதற்கு மிக அருகில் வருகிறது. நெடிலுக்கு உயிரை இரட்டித்து எழுதுங்கள், இல்லாவிட்டால் மாலா மலாவாகி நிற்பார். முதலெழுத்தை விரித்து எழுதிய பெயராக இருந்தால், அதில் அழைக்க வேண்டிய பகுதிக்கு அடிக்கோடு போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அப்பா பெயர் மேடைக்கு அழைக்கப்படும்.